புரொஃபஷனல் ஆல்டோ சாக்ஸ் வாங்கப் போறீங்களா? நெக்ல ஆரம்பிங்க, பளபளப்பை கடைசியா பாருங்க

ஸ்டூடண்ட் ஆல்டோ சாக்ஸபோன்ல (கத்துக்கறவங்களுக்கான மாடல்) சில வருஷம் நல்லா வாசிச்சவங்க அடுத்து கேக்கற கேள்வி எப்பவும் இதுதான், யமஹா 62 போதுமா, யானகிசாவா எடுக்கலாமா, இல்ல கடனை உடனை வாங்கியாவது செல்மருக்குப் போயிடலாமா. கம்பெனி பேர்ல ஆரம்பிச்சா இதுக்கு முடிவே கிடைக்காதுங்க. மூணு பேரும் நல்லாத்தான் செய்யறாங்க, ஆனா ஒரே மாடல்ல அடுத்தடுத்து வந்த ரெண்டு பீஸை எடுத்து ஊதினாக்கூட ஒண்ணு சட்டுனு பேசும், இன்னொண்ணு கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும். அதனால மாடலை பத்தி படிச்சுட்டே இருக்கறதைவிட கையில இருக்கற அந்த ஒரு சாக்ஸை எப்படி சோதிக்கறதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் பணத்தை காப்பாத்தும். கடையில உக்காந்து பொறுமையா செய்ய வேண்டிய வேலை இது, அரைமணி நேரமாவது ஆகும், கடைக்காரர் அவசரப்படுத்தினா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க.

போகும்போது உங்க சொந்த மவுத்பீஸ் (வாயில வெச்சு ஊதற பாகம்), அதுல ரீடை இறுக்கிப் பிடிக்கற லிகேச்சர், ஏற்கனவே வாசிச்சு பழகின ரெண்டு மூணு ரீட் (அதிர்ந்து சத்தம் குடுக்கற மெல்லிய பட்டை) கண்டிப்பா எடுத்துட்டு போங்க. செல்மர் எஸ்80 சி ஸ்டார், மேயர் 5, யமஹா 4சி எதுவா இருந்தாலும் சரி, நீங்க தினமும் வாசிக்கறது அதுவா இருக்கணும், ஏன்னா மவுத்பீஸையும் சாக்ஸையும் ஒரே நாள்ல மாத்தினா கேக்கற வித்தியாசம் எதுனால வந்துச்சுன்னு உங்களால சொல்லவே முடியாது. போன்ல ஒரு ட்யூனர் ஆப், ஒரு பாக்கெட் சிகரெட் பேப்பர், சின்ன டார்ச். கூடவே காது நல்லா இருக்கற ஒரு நண்பர், அவருக்கு கடைசியில வேலை இருக்கு.

நெக்

சாக்ஸபோன் ஒரு கூம்பு, 1846ல அடோல்ஃப் சாக்ஸ் பாரிஸ்ல பேட்டன்ட் வாங்கினப்பவும் அப்படித்தான் இப்பவும் அப்படித்தான். கூம்பா இருக்கறதாலதான் ஆக்டேவ் கீயை அழுத்தினா அதே ஃபிங்கரிங்ல சரியா ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேல போகுது, கிளாரினெட் உருளை மாதிரி இருக்கறதால அதுல பன்னெண்டாவது ஸ்வரத்துக்கு எகிறும். ஆல்டோல இந்தக் கூம்பு மவுத்பீஸ் மாட்டற கார்க் பக்கம் சுமார் 12 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு, பெல்லுன்னு சொல்ற அகலமான கீழ் முனையோட வாய்ல 12 சென்டிமீட்டர் கிட்ட விரியுது. கூம்போட கூர்முனை வெட்டப்பட்டிருக்கு இல்லையா, அந்த இல்லாத முனையோட வேலையை செய்யறது உங்க மவுத்பீஸுக்குள்ள இருக்கற காத்து. அதனாலதான் மவுத்பீஸ் உள்பக்கம் ரொம்ப பெருசாவோ சின்னதாவோ இருந்தா சாக்ஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் மேல் ஆக்டேவும் கீழ் ஆக்டேவும் ஒத்துப் போகாது.

இப்ப யோசிச்சுப் பாருங்க, குழாய் இருக்கறதுலயே குறுகலான இடம் நெக், அதாவது மவுத்பீஸுக்கும் சாக்ஸோட உடம்புக்கும் நடுவுல வளைஞ்சு கழட்டற மாதிரி இருக்கற குழாய். பெல்லுல ஒரு சின்ன நசுங்கல் இருந்தா ஒண்ணும் ஆகாது, அதே நசுங்கல் நெக்ல இருந்தா ரெண்டு ஆக்டேவும் கெட்டுப் போகும். ஒரு சாக்ஸோட குணத்துல பெரிய பங்கு நெக்ல இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன், யமஹாவும் செல்மரும் நெக்கை மட்டும் தனியா விக்கறாங்கன்னா காரணம் இல்லாம இல்ல.

நெக்கை கழட்டி பக்கவாட்டுல வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. வளைவோட அடிப்பக்கம் மெல்லிசா சுருக்கம் தெரிஞ்சாலோ, குழாய் வட்டமா இல்லாம கொஞ்சம் முட்டை வடிவமா இருந்தாலோ யாரோ மவுத்பீஸை மாட்டும்போது நெக்கை கீழ்நோக்கி அழுத்தி அழுத்தி வளைச்சிருக்காங்கன்னு அர்த்தம், செகண்ட் ஹேண்ட் சாக்ஸ்ல இது ரொம்ப சகஜம். அடுத்து, சாக்ஸோட உடம்புக்குள்ள போற முனையை உள்ளங்கையால நல்லா மூடிக்கிட்டு கார்க் பக்கம் வாயை வெச்சு காத்தை உறிஞ்சுங்க. வெற்றிடம் பிடிச்சு நிக்கணும். உஸ்ஸுனு காத்து வந்துட்டே இருந்தா ஆக்டேவ் பேட் (துவாரத்தை மூடற மெத்தை) மூடலை, இல்ல கார்க் அடியில விரிசல். அப்புறம் உடம்புல மாட்டி ஸ்க்ரூவை டைட் பண்றதுக்கு முன்னாடியே அசைச்சு பாருங்க, லேசா உரசிட்டு வழுக்கிட்டு உள்ள போகணும், தொளதொளன்னு ஆடினா அங்கேயும் லீக் இருக்கும், லோ நோட் எல்லாம் தடுமாறும். புதுசுன்னாலும் இதை பாக்காம விடாதீங்க.

ஆக்டேவ் மெக்கானிசம்

இது என்னை இன்னிக்கும் ஆச்சரியப்படுத்தற இடம். ஒரே ஒரு கட்டைவிரல் கீ, ஆனா திறக்கறது ரெண்டு வேற வேற துவாரம். நடு டியிலிருந்து ஜி ஷார்ப் வரைக்கும் (டி, ஜி எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பேருங்க) உடம்புல இருக்கற துவாரம், ஏயிலிருந்து மேல நெக்ல இருக்கறது. எது திறக்கணும்னு முடிவு பண்றது இடது கை மோதிர விரல். கட்டைவிரலை அழுத்தி நடு ஜியை பிடிங்க, உடம்புத் துவாரம் திறந்திருக்கும், நெக் கீ அப்படியே படுத்திருக்கும். இப்ப மோதிர விரலை மட்டும் தூக்குங்க, உடம்புத் துவாரம் மூடிக்கிட்டு அதே நொடியில நெக் கீ எழுந்துக்கும். இந்த மாற்றத்தை மெதுவாவும் வேகமாவும் திரும்பத் திரும்ப பண்ணிப் பாருங்க, இடையில டக்குனு சத்தமோ ஆட்டமோ இருக்கக் கூடாது. அப்புறம் ஜி ஃபிங்கரிங்கை பிடிச்சுக்கிட்டு கட்டைவிரலை மட்டும் வேகமா தட்டுங்க, நெக் கீ துளிகூட துள்ளக் கூடாது. துள்ளினா வேகமான பாட்டுல ஜி கீச்சுனு உடையும். இது ரிப்பேர்ல சரி பண்ற விஷயம்தான், ஆனா புரொஃபஷனல் விலை கேக்கற கடை இதை சரி பண்ணித்தான் தரணும்.

ரெண்டே துவாரத்தை வெச்சு ஒரு முழு ஆக்டேவுக்கு மேல சமாளிக்கறாங்கங்கறதால எந்த சாக்ஸும் சுருதியில நூறு சதவீதம் இருக்காது. ஒவ்வொரு நோட்டுக்கும் அதுக்கான சரியான இடத்துல தனித்தனி துவாரம் இருந்தாத்தான் அது நடக்கும். நடு டி அந்த சரியான இடத்துலருந்து தள்ளி இருக்கறதால கிட்டத்தட்ட எல்லா ஆல்டோலயும் கொஞ்சம் ஷார்ப்பா, அதாவது சுருதிக்கு மேல வரும். இதை மனசுல வெச்சுக்கிட்டு சுருதி சோதனைக்கு வாங்க, ஆனா அதுக்கு முன்னாடி லீக்.

லீக் இருக்கான்னு பாக்கறது

சிகரெட் பேப்பரை விரல் அகலத்துக்கும் பாதியா நீளமா வெட்டி பேடுக்கும் துவாரத்தோட விளிம்புக்கும் நடுவுல வெச்சு, கீயை வாசிக்கற அளவு மெதுவா மூடி, பேப்பரை இழுங்க. ஒரே ஒரு இடத்துல பண்ணா போதாது, முன்னாடி பின்னாடி இடது வலது நாலு பக்கமும் பண்ணணும், நாலுலயும் ஒரே மாதிரி பிடிமானம் இருக்கணும். எல்லா பேடையும் பாக்க நேரம் இருக்காது, அதனால முக்கியமானதை சொல்றேன். வலது கையில எஃப், ஈ, டி எந்த கீயை அழுத்தினாலும் மேல இருக்கற எஃப் ஷார்ப் பேடும் சேர்ந்து மூடணும், பேப்பரை எஃப் ஷார்ப் அடியில வெச்சுக்கிட்டு மூணு கீயையும் தனித்தனியா அழுத்தி இழுத்துப் பாருங்க. அப்புறம் லோ டியை ஊதிக்கிட்டே இடது சுண்டுவிரலால ஜி ஷார்ப் கீயை தட்டுங்க, சத்தத்துல எந்த மாற்றமும் வரக்கூடாது. வந்தா ஜி ஷார்ப் பேடை அமுக்கிப் பிடிக்கற அந்த சின்ன அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ லூஸா இருக்கு. நம்ம லோ பியும் பி ஃப்ளாட்டும் வராம திணர்றதுக்கு பாதி நேரம் இந்த ஒரு ஸ்க்ரூதான் காரணம், பாவம் வாசிக்கறவங்க என்னோட எம்பஷூர் (உதடு பிடிக்கற விதம்) சரியில்லைன்னு மாசக்கணக்கா தன்னையே நொந்துக்கறாங்க.

கடையில லீக் லைட் இருந்தா கேளுங்க, குழாய்க்குள்ள அந்த எல்இடி கயித்தை விட்டு ரூம் லைட்டை அணைச்சுட்டு கீயை மூடினா எங்க வெளிச்சம் கசியுதுன்னு நேரா தெரிஞ்சுடும்.

புதுசா பெட்டியிலருந்து எடுத்த சாக்ஸ்ல லீக் இருக்காதுன்னு நினைக்கறவங்க நிறைய பேர். கப்பல்லயும் லாரியிலயும் குலுங்கி வந்த பொருள்ங்க, எங்கேயாவது ஒரு கீ லேசா நகர்ந்திருக்கும். லீக் இருக்கற செல்மரை லீக் இல்லாத ஸ்டூடண்ட் யமஹா தோக்கடிச்சுடும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சத்தமா ஊதாதீங்க, மெதுவா ஊதுங்க

கடைக்குள்ள போனதும் எல்லாரும் முதல்ல பண்றது முழு மூச்சுல ஒரு வேகமான லிக் (சின்ன இசைத் துணுக்கு) வாசிக்கறது. சத்தமா ஊதும்போது சுமாரான சாக்ஸ் கூட நல்லாத்தான் கேக்கும். புரொஃபஷனல் ஆல்டோவோட தரம் தெரியற இடம் ரொம்ப மெல்லிசா வாசிக்கும்போதுதான். கீழ் ஜியில ஆரம்பிச்சு நாக்கை பயன்படுத்தாம வெறும் மூச்சுல ஒவ்வொரு நோட்டா கீழ இறங்குங்க, எஃப், ஈ, டி, சி, பி, பி ஃப்ளாட். முணுமுணுக்கற அளவுல வாசிச்சாலும் நோட் மூச்சு ஆரம்பிச்ச இடத்துலயே ஆரம்பிக்கணும், முதல்ல காத்து மட்டும் வந்து அப்புறம் திடீர்னு சத்தம் குதிக்கக் கூடாது. லோ பியில கடகடன்னு ஒரு நடுக்கம் வருதான்னு கேளுங்க. செல்மரோட பழைய மார்க் 6 ஆல்டோ சிலதுல இது லீக் இல்லாமலேயே வரும், அந்த டிசைனோட குணம் அது, அதுக்கு பெல்லுக்கு கீழ வளையற இடத்துல மவுத்பீஸ் மூடியை போட்டு வெச்சு வாசிக்கறவங்க உண்டு, உள்ள இருக்கற இடம் கொஞ்சம் குறையறதால நடுக்கம் அடங்கிடும். புது சாக்ஸ்ல இந்த நடுக்கத்தை ஏத்துக்காதீங்க.

கீழ இறங்கி முடிச்சதும் லோ பி ஃப்ளாட் ஃபிங்கரிங்கை விடாம பிடிச்சுக்கிட்டு ஓவர்டோன் ஏத்துங்க, அதாவது விரலை மாத்தாம தொண்டையாலயும் மூச்சாலயும் மட்டும் ஒரு ஆக்டேவ், அதுக்கு மேல எஃப், அதுக்கு மேல பி ஃப்ளாட். நல்ல சாக்ஸ்ல இந்தப் படிகள் தெளிவா பூட்டிக்கற மாதிரி நிக்கும். ஆல்டிசிமோ (வழக்கமான எல்லையைத் தாண்டின உச்ச நோட்டுங்க) வாசிக்கற ஆசை இருக்கறவங்களுக்கு இந்த சோதனை ரொம்ப முக்கியம், இது வழவழன்னு இருந்தா ஹை எஃப் ஷார்ப்புக்கு மேல போறது போராட்டமாயிடும்.

சுருதி

மவுத்பீஸை நீங்க வழக்கமா வெக்கற இடத்துல வெச்சு ட்யூன் பண்ணிட்டு, ட்யூனரை பாக்காம கண்ணை மூடிக்கிட்டு நோட்டை ஊதி நிறுத்தி, நிலைச்சதுக்கு அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்க. முள்ளைப் பாத்துக்கிட்டே ஊதினா உதடு தானா திருத்திக்கும், சாக்ஸ் எங்க நிக்குதுன்னு தெரியாது. நடு டியும் ஈயும் கொஞ்சம் மேல இருக்கும், விரலே வைக்காம திறந்து வாசிக்கற சி ஷார்ப் பல சாக்ஸ்ல கொஞ்சம் தொங்கும், உள்ளங்கையால அழுத்தற பாம் கீ நோட்டுங்க மேல ஏறும். செல்மர் சீரிஸ் 3 ஆல்டோல இந்த சி ஷார்ப்பை சரி பண்றதுக்குன்னே தனி மெக்கானிசம் வெச்சிருக்காங்கன்னா எவ்வளவு பழைய தலைவலின்னு பாத்துக்கங்க. பத்து சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) வரைக்கும் விலகல் இருந்தா உதட்டால சமாளிக்கலாம், வாசிக்க வாசிக்க பழகிடும். இருபது முப்பது சென்ட் விலகினா வேண்டாம். இன்னொண்ணு, கீழ் ஜிக்கும் நடு ஜிக்கும், கீழ் எஃப்புக்கும் நடு எஃப்புக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ஜோடி ஜோடியா பாருங்க, தனி நோட்டைவிட இந்த ஜோடி கணக்குதான் சாக்ஸோட உண்மையான சுருதி. கச்சேரியிலயோ சர்ச்லயோ கீபோர்டோட சேர்ந்து வாசிக்கறவங்களுக்கு டோனைவிட இதுதான் முதல்ல வேணும்.

கைக்கு எப்படி இருக்கு

இன்னிக்கு நாம பிடிக்கற எல்லா ஆல்டோவோட கீ அமைப்பும் பெரும்பாலும் செல்மர் போட்ட பாதை. 1936ல வந்த பேலன்ஸ்டு ஆக்‌ஷன்ல லோ பி, பி ஃப்ளாட் கீங்களை பெல்லோட வலது பக்கத்துக்கு மாத்தினாங்க, அப்புறம் வந்த மாடல்ல இடது கை துவாரங்களையும் வலது கை துவாரங்களையும் ஒரே நேர்கோட்டுல வெக்காம கை இயல்பா விழற மாதிரி திருப்பி வெச்சாங்க, 1954ல மார்க் 6 இதையெல்லாம் சேர்த்துக்கிட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் ஜப்பான்லயும் தைவான்லயும் இந்த அமைப்பைத்தான் பின்பற்றினாங்க. இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியோட பாம் கீ உயரமும் சுண்டுவிரல் மேசையும் (இடது சுண்டுவிரலுக்கான கீ கூட்டம்) வேற வேற. சின்னக் கை இருக்கறவங்க லோ சி ஷார்ப்லருந்து பி, பி ஃப்ளாட்டுக்கு சுண்டுவிரலை தூக்காம உருட்டிப் பாருங்க, யாருக்கு எது ஒத்துக்கும்னு வேற யாரும் சொல்ல முடியாது. சாக்ஸைத் தாங்கற தம்ப் ஹூக்கை (வலது கட்டைவிரல் கொக்கி) நகர்த்தி உங்க கட்டைவிரலுக்கு சரியா வெச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, ஆல்டோ ரெண்டரை கிலோ கிட்ட வரும், தப்பான இடத்துல ஹூக் இருந்தா மணிக்கட்டு சொல்லிடும்.

கீங்களை ஊதாம வெறுமனே தட்டிக் கேளுங்க. பேட் மூடற மெத்துனு ஒரு சத்தம் மட்டும் கேக்கணும், உலோகம் உரசற சத்தம் வரக்கூடாது. ஸ்ப்ரிங் எல்லா விரலுக்கும் ஒரே அளவு எதிர்ப்பு குடுக்கணும். லோ நோட் கீங்களுக்கு சில சாக்ஸ்ல பேடைத் தாங்கற உலோகக் கை ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு வெச்சிருப்பாங்க, யானகிசாவா டபிள்யூஓ10, டபிள்யூஓ20ல இது இருக்கு, அந்தப் பெரிய பேட் ஒரு பக்கமா சாயாம சமமா உக்காரும்.

பித்தளையா, வெண்கலமா, வெள்ளியா

இதுல நிறைய பேர் என்னோட சண்டைக்கு வருவாங்க, பரவாயில்ல. சாதாரண மஞ்சள் பித்தளை சுமார் 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், கோல்ட் பிராஸ்ல செம்பு இன்னும் அதிகம், யானகிசாவா டபிள்யூஓ2 வெண்கலம். வெண்கலம் இருட்டா இருக்கும், வெள்ளி ஜொலிக்கும்னு கேட்டலாக்ல எழுதறாங்க. 1971ல ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம்னு வேற வேற பொருள்ல ஒரே உள்ளளவுல புல்லாங்குழல் செஞ்சு சோதிச்சார், கேட்டவங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. சாக்ஸ்ல பாத்தா 1953 மே மாசம் டொரான்டோ மாஸி ஹால்ல ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசிச்சது கிராஃப்டன்ங்கற பிளாஸ்டிக் ஆல்டோ, அந்த ரெக்கார்டிங்கை கேட்டா அது பார்க்கராத்தான் கேக்குது. வாசிக்கறவருக்கு கையில உணர்ற அதிர்வும் எடையும் வேறயா இருக்கும், அது அவர் வாசிக்கற விதத்தை மாத்தலாம், அதை நான் மறுக்கலை. ஆனா உள்ளளவு, நெக், துவாரத்தோட விளிம்பு, பேடோட உயரம் இதெல்லாம் முடிவு பண்ணின பிறகுதான் உலோகத்தைப் பத்தி யோசிக்கணும், லேக்கர் (மேல்பூச்சு) கலருக்கும் பெல்லுல இருக்கற பூ வேலைக்கும் கூடுதல் காசு குடுக்கறதா இருந்தா அழகுக்காக குடுக்கறோம்னு தெரிஞ்சே குடுங்க.

எந்த மாடல் எந்தப் பக்கம் சாயும்

யமஹா 62, எனக்குத் தெரிஞ்சு முதல் புரொஃபஷனல் ஆல்டோவா எதையும் யோசிக்காம வாங்கக்கூடியது, சுருதி நேர்மையா இருக்கும், எங்க போனாலும் பார்ட்ஸும் ரிப்பேரும் கிடைக்கும். அதே கம்பெனியில 82இசட் ஜாஸ், பாப் வாசிக்கறவங்களுக்கு, லேசா ஊதினாலே பேசும், 875இஎக்ஸ் கிளாசிக்கல் பக்கம், கொஞ்சம் எதிர்ப்பு குடுத்து டோனை திரட்டித் தரும். யானகிசாவா கீ வேலையோட நேர்த்திக்காகவே ஒரு தடவை தொட்டுப் பாக்கணும். செல்மர்ல டோனோட மையம் அடர்த்தியா இருக்கும், ஆனா பீஸுக்கு பீஸ் வித்தியாசமும் அதிகம், அதனால செல்மரை ஊதிப் பாக்காம ஆர்டர் பண்ணாதீங்க.

பழைய மார்க் 6 மேல ஆசைப்படறவங்களுக்கு ஒரு விஷயம். அஞ்சு இலக்க சீரியல் நம்பர்னா விலையை ஏத்தி சொல்வாங்க, நம்பர் எந்த நோட்டையும் வாசிக்காது. ரீலேக்கர் பண்ணியிருக்கான்னு பாருங்க, பூ வேலையோட ஓரங்கள் மழுங்கி இருந்தா பாலீஷ் போட்டு தேய்ச்சிருக்காங்க, விலை கணிசமா குறையணும். நெக்கும் உடம்பும் ஒரே சாக்ஸோடதான்னு கேளுங்க. செல்மர், யமஹா பேர்ல போலியும் சுத்துது, நம்ப முடியாத விலையில புத்தம் புதுசா வந்தா சீரியல் நம்பரை கம்பெனி டீலர்கிட்ட சரி பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கர்நாடக இசைக்கு வாங்கறவங்களுக்கு

கத்ரி கோபால்நாத் ஆல்டோல கச்சேரி பண்ணி இந்த வாத்தியத்தை சபா மேடைக்கு கொண்டு வந்ததுக்கு அப்புறம் இந்தத் தேவை நிஜமாவே தனி. சாக்ஸ்ல துவாரத்தை விரல் தொடறதே இல்ல, பேட்தான் மூடுது, அதனால நாதஸ்வரத்துல பண்ற மாதிரி விரலை பாதி வழுக்கி கமகம் கொண்டு வர முடியாது, கீயை மெதுவா விட்டும் உதட்டை தளர்த்தியும்தான் வரணும். கோபால்நாத் தன்னோட சாக்ஸை இதுக்கு ஏத்த மாதிரி மாத்தி அமைச்சுக்கிட்டார். நீங்க சோதிக்கும்போது கீயை ரொம்ப மெதுவா தூக்கி ஒரு ஸ்வரத்துலருந்து அடுத்ததுக்கு போங்க, நடுவுல சத்தம் உடையாம வளைஞ்சு போகுதான்னு கேளுங்க. ஸ்ப்ரிங் லேசா இருக்கறது நல்லது. ஒவ்வொரு நோட்டும் அசையாம பூட்டிக்கற சாக்ஸ் கிளாசிக்கல் ஆர்கெஸ்ட்ராவுக்கு அருமை, கமகத்துக்கு கொஞ்சம் இளகிக் குடுக்கறதுதான் வேணும், அதனால மேல சொன்ன ஓவர்டோன் சோதனையில ரொம்ப விறைப்பா இருக்கற பீஸை நீங்க எடுக்க வேண்டியதில்ல.

கடைசியா நண்பர். அவரை ரூமோட மறுகோடியில திரும்பி நிக்கச் சொல்லி, நீங்க தேறின ரெண்டு சாக்ஸையும் எது எதுன்னு சொல்லாம ஒரே வரியை வாசிங்க. வாசிக்கறவருக்கு சத்தம் பல்லு வழியாவும் எலும்பு வழியாவும் போகுது, எதிர்ல உக்காந்து கேக்கறவங்களுக்கு அது கிடையாது. அவர் சொல்றதும் உங்க கை சொல்றதும் ஒரே சாக்ஸா இருந்தா எடுத்துடுங்க, வேற வேறயா இருந்தா கைக்கு சுலபமா இருக்கறதை எடுங்க, டோனை மவுத்பீஸால பின்னாடி மாத்திக்கலாம், கையை மாத்த முடியாது.

வாங்கி ஒரு ரெண்டு மாசம் வாசிச்சதும் பேட் எல்லாம் அழுந்தி உக்காந்திருக்கும், அப்ப ஒரு தடவை டெக்னீஷியன்கிட்ட காட்டி எல்லா ஸ்க்ரூவையும் சரி பார்க்கச் சொல்லுங்க, ஏதாவது நோட் அடைச்சு ஃப்ளாட்டா வந்தா அந்த இடத்துல கீயோட உயரத்தை கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல ஜி ஷார்ப், லோ சி ஷார்ப் பேட் ரெண்டும் ஒட்டிக்கும், எப்பவும் மூடியே இருக்கற பேட்ங்க அது, வாசிச்சு முடிச்சதும் ஒரு துண்டு பேப்பரை நடுவுல வெச்சு ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, நெக்குக்குள்ளயும் துணியை ஒரு தடவை இழுத்துட்டு பெட்டியில வைங்க.